துருப்பிடித்த லோயர் ஆர்ம்: புஷ் மட்டும் மாற்றுவதா, ஆர்மையே மாற்றுவதா?

பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய காரின் முன்சக்கரப் பக்கம் கடகடவென்று சத்தம் வரத் தொடங்கி, லோயர் ஆர்மின், அதாவது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு கீழ்ப்பக்கம் இணைக்கும் கையின், ரப்பர் புஷ் (மூட்டில் அதிர்வை வாங்கும் உருளை) கிழிந்திருப்பது தெரிந்ததும், உரிமையாளருக்கு இரண்டு வழிகள் சொல்லப்படும். பழைய ஆர்மைக் கழற்றி, புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் (அழுத்தும் எந்திரத்தில்) தள்ளி எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுவது ஒன்று. புஷ்ஷும், சக்கரப் பக்கத்தில் சுழன்று அசையும் மூட்டான பால் ஜாயிண்ட்டும் பொருத்தியே வரும் புதிய ஆர்மை வாங்கி மாட்டுவது மற்றொன்று. இவை பெரும்பாலும் உதிரிபாகத்தின் விலையை வைத்தே ஒப்பிடப்படுகின்றன. துருவேறிய வண்டியில் அந்தக் கணக்கு செல்லாது என்பது என் உறுதியான கருத்து. ஆர்மைத் தாங்கும் போல்ட் என்ன நிலையில் இருக்கிறது, அது எதில் போய் முடிகிறது என்பதைப் பார்த்த பிறகே எந்த வழி என்று முடிவெடுக்க வேண்டும்.

ரப்பர் புஷ்ஷின் நடுவே ஓர் இரும்புக் குழாய் உண்டு. போல்ட் அதனுள் நுழைந்து மறுபுறம் நட்டில் முடிகிறது. போல்ட்டுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளியில் தண்ணீர் இறங்கித் துரு படிகிறது. துரு, தான் அரித்த இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அடைத்துக்கொள்வதால், நாளடைவில் இரண்டும் ஒரே துண்டாகிவிடுகின்றன. நட்டு கழன்று வந்த பிறகும் போல்ட்டின் தலையில் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் கால் சுற்று நகரும். கையைத் தளர்த்தியதும் ரப்பர் முறுக்கவிழ்ந்து ஸ்பேனரைப் பழைய இடத்துக்கே தள்ளிவிடும். இந்த அசைவைக் கண்டு போல்ட் இளகிவிட்டதாக நம்பி ஒரு நாள் முழுவதையும் நான் இழந்திருக்கிறேன். திரும்பிக்கொண்டிருந்தது போல்ட்டோடு ஒட்டிய குழாயும்தான்.

புஷ்ஷை மட்டும் மாற்றும் வழியில், ஆர்ம் சேதமில்லாமல் வெளியே வர வேண்டும். ஆகவே போல்ட்டை வெட்டாமல் எடுப்பதே நல்லது. துருவிளக்கும் எண்ணெயை இழைகளில் தெளிப்பதோடு விட்டால் இங்கே பயன் குறைவு. குழாயின் இரு முனைகளிலும் ஊற்றி, ஊறவிட்டு, போல்ட்டின் முனையைச் சுத்தியலால் தட்டி, மறுபடி ஊற்றிப் பொறுமையாக இருந்தால்தான் அது கொஞ்சமாவது உள்ளே இறங்கும். அடுத்தது சூடு. எஃகு ஒரு டிகிரி செல்சியஸுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 12 மைக்ரோமீட்டர் விரிகிறது. அதாவது, 12 மில்லிமீட்டர் துளையுள்ள பாகத்தை மட்டும் 300 டிகிரி கூடுதலாகச் சூடேற்றினால் துளை 0.04 மில்லிமீட்டர் அளவுக்கு அகலும். சிறிய அளவாகத் தோன்றினாலும் துருவின் பிடியைக் குலைக்க இது போதும். ஆனால் ரப்பரை நெருங்கிய இடத்தில் டார்ச்சைக் காட்டினால் அது கரும்புகையோடு எரியும். உள்ளே திரவம் அடைத்த புஷ்ஷாக இருந்தால் வெடித்துத் தெறிக்கவும் கூடும். பிரேக் ஹோஸ், பால் ஜாயிண்ட்டின் ரப்பர் உறை, வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர் ஆகியவற்றின் அருகே தீயைக் கொண்டுபோகவே கூடாது. அங்கெல்லாம் தீச்சுடர் இல்லாமல் கம்பிச்சுருளால் சூடேற்றும் இண்டக்‌ஷன் ஹீட்டர் எவ்வளவோ மேல்.

போல்ட் வந்துவிட்டாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். புஷ்ஷின் வெளிக்கூடும் ஆர்மின் துளைக்குள் துருவால் இறுகியிருக்கும். ரப்பரைக் குடைந்து எடுத்து, வெளிக்கூட்டை ஹாக்சா பிளேடால் நீளவாக்கில் ஒரு கோடாக அறுத்து, உளியால் உள்நோக்கி மடக்கினால் வந்துவிடும். பிரஸ்ஸை மட்டும் நம்பி அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், தகட்டை மடித்துச் செய்த ஆர்ம் நெளிந்துவிடும். அத்தகைய ஆர்ம் உள்ளிருந்தும் அரிக்கும் என்பதால், அதன் அடிப்பகுதியிலுள்ள வடிகால் துளைகளைச் சுற்றி ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பார்க்க வேண்டும். முனை அமிழ்ந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. கனமான வார்ப்பு ஆர்ம் என்றால் என் தீர்ப்பு மாறும். மேலே துரு பொரிந்திருந்தாலும் அதன் உடல் திடமாகவே இருக்கும். தரம் தெரியாத மலிவான மாற்று ஆர்மைவிட, நல்ல புஷ் ஏற்றிய பழைய வார்ப்பு ஆர்மையே நான் தேர்ந்தெடுப்பேன்.

முழு ஆர்மையும் மாற்றும் வழியின் பெரிய ஆதாயம், பழையதைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை என்பதே. ஆர்மைப் பிடித்திருக்கும் அடிச்சட்டத்தின் இரு காதுகளுக்கும் புஷ்ஷுக்கும் இடையே பிளேடை நுழைத்து, போல்ட்டை இருபுறமும் அறுத்துவிட்டால் ஆர்ம் தானாகக் கீழே இறங்கும். இத்தகைய போல்ட்டுகள் 8.8 அல்லது 10.9 என்ற வலிமைத் தரத்தில் பதப்படுத்தப்பட்டவை என்பதால் சாதாரண பிளேடு விரைவில் மழுங்கும். கார்பைடு பல் கொண்ட பிளேடு தேவைப்படும். அறுக்கும்போது சட்டத்தின் காதில் வெட்டு விழாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான திறமை. புதிய ஆர்மோடு புதிய போல்ட், நட்டு இரண்டையும் அதே தரத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். சிவக்கச் சூடேறிய பழைய போல்ட் பதம் இழந்திருக்கும். அதைத் திரும்பப் போடுவது உயிரோடு விளையாடுவது.

எந்த வழியானாலும், நட்டு தனியாக இல்லாமல் அடிச்சட்டத்தின் மூடிய பெட்டிக்குள் வெல்டு செய்யப்பட்டிருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். அங்கே இம்பாக்ட் ரெஞ்ச்சால் ஓங்கித் திருப்பினால் வெல்டு விட்டு நட்டு உள்ளே சுழலத் தொடங்கும். பிறகு பெட்டியைத் துளையிட்டுத் திறக்காமல் வேலை முடியாது. அறுத்தாலும் துண்டு நட்டிலேயே தங்கிவிடும். ஆகவே ஆர்மை மாற்றப்போகிறோம் என்று முடிவெடுத்த பின்னும், இந்த நட்டுக்கு மட்டும் எண்ணெய்க்கும் சூட்டுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். இழையைச் சற்றே முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித்தான் அவிழ்க்க வேண்டும்.

பாலியூரித்தேன் புஷ் மூன்றாவது வழியாகச் சொல்லப்படுவதுண்டு. அது ரப்பரைவிட விறைப்பானது. சாலையின் அதிர்வும் சத்தமும் வண்டிக்குள் கூடுதலாக வரும், கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும். அன்றாடம் ஓட்டும் பழைய காருக்கு ரப்பரே போதும்.

பொருத்தும்போது இரு வழிகளுக்கும் விதி ஒன்றே. போல்ட்டின் இழையில்லாத உடற்பகுதியில் துருவால் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஆண்டி-சீஸ் பசையை மெல்லிதாகத் தடவினால் அடுத்த முறை கழற்றுபவர் வாழ்த்துவார். இழையில் தடவினால் உராய்வு குறைந்து, அதே டார்க் (முறுக்கு விசை) அளவிலேயே போல்ட் அளவுக்கு மீறி இழுபடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக முறுக்கினால் ரப்பர் முறுக்கேறிய நிலையிலேயே பூட்டப்பட்டு, புது புஷ் சீக்கிரமே கிழிந்துபோகும். ஆர்மின் அடியில் ஜாக்கியைக் கொடுத்து, வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்கு அதை ஏற்றிய பிறகே டார்க் ரெஞ்ச்சை எடுக்க வேண்டும். வீல் அலைன்மென்ட்டை அதற்கடுத்துச் செய்துகொள்ளலாம்.