ராமேஸ்வரம் கடைகளில் விற்கும் ‘வலம்புரி’: வாங்கலாமா?

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றியுள்ள சிப்பி, சங்குக் கடைகளில் ‘வலம்புரி’ கேட்டால் சிவப்புத் துணி வைத்த பெட்டியைத் திறப்பார்கள். கூடவே பூஜை முறை அச்சடித்த தாளும் வரும். சங்கு எப்படி, தாள் எப்படி என்று தனித்தனியாகப் பார்த்துவிடலாம்.

மன்னார் வளைகுடாவில் குளித்து எடுக்கும் சங்கு ஏறக்குறைய எல்லாமே இடம்புரிதான். ஊதுவதற்காக வெட்டும் சுருள் முனை கீழேயும் வாய் உங்களைப் பார்த்தும் இருக்கும்படி பிடித்தால் வாய் இடப்பக்கம் திறந்திருக்கும். வலப்பக்கம் திறந்தால் வலம்புரி. அது அபூர்வம், விலையும் அதற்கேற்ப. பிறகு பெட்டி பெட்டியாக எப்படிக் கிடைக்கிறது? வலம்புரி என்ற பெயரில் அதிகம் புழங்குவது அமெரிக்கக் கடலோரத்து லைட்னிங் வெல்க் என்ற வேறு இன நத்தையின் ஓடு. அதற்குப் பிறவியிலேயே சுழி அந்தப் பக்கம்தான். அதன் ஊரில் அது அதிசயமே இல்லை.

கண்டுபிடிக்க ஒரு விரல் போதும். வாய்க்குள் விட்டு நடுத்தண்டைத் தடவுங்கள். நம் கடல் சங்கில் மூன்று, நான்கு வரிகள் புடைத்துத் தட்டுப்படும். வெல்க்கில் வழவழப்பு மட்டும்தான். ஓடும் மெலிசு, எடையும் குறைவு. எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும் என்று செய்து காட்டுவார்கள். பிளாஸ்டிக் நுரைக்காது, சரி. ஆனால் வெல்க்கும் நுரைக்கும், பளிங்குத் தூளில் வார்த்ததும் நுரைக்கும். காதில் வைத்தால் கேட்கும் ‘ஓம்’, சுற்றுப்புறச் சத்தம் உள்ளே எதிரொலிப்பது. எவர்சில்வர் டம்ளரிலும் கேட்கும்!

இனி தாள். உண்மையில் காசு வாங்குவது இதுதான். வீட்டில் பணம் சேர வேண்டுமானால் வெள்ளிதோறும் அபிஷேகம், சங்கு வெறுமையாக இருக்கக்கூடாது, தீட்டு படக்கூடாது என்று நிபந்தனைகள். பணம் வந்தால் சங்கின் மகிமை, வராவிட்டால் பூஜையில் குறை. எந்தப் பக்கம் விழுந்தாலும் சங்கு தோற்காதபடி எழுதியிருக்கிறார்கள். வந்த ஒரு தடவை நினைவில் நிற்கும், வராத மாதங்களை யாரும் கணக்கு வைப்பதில்லை.

வாங்குபவரை ஏமாளி என்றும் சொல்லிவிட முடியாது. நியூ கினி அருகிலுள்ள டிரோபிரியாண்ட் தீவு மீனவர்களைப் பற்றி மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி 1925இல் எழுதியது இங்கே பொருந்தும்: ஆபத்தில்லாத உள்கழியில் மீன்பிடிக்க அவர்களுக்கு மந்திரம் தேவைப்படவில்லை, திறந்த கடலுக்குப் போகத்தான் சடங்குகள். இந்தக் கரையிலும் முத்துக்குளிப்பில் சுறா வாயைக் கட்ட மந்திரவாதிகள் இருந்தார்கள். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி என்று மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், திருட்டுத்தனமாக யாரும் குளிக்காமலிருக்க! சுறா கட்டுப்பட்டதோ இல்லையோ, குளிப்பவனுக்குத் துணிச்சல் வந்தது, முத்துக்கும் காவல் கிடைத்தது. பெட்டிச் சங்கில் காவல் விற்றவருடைய கல்லாவுக்கு மட்டும்தான்.

வலம்புரிப் பெட்டி வேண்டாம். பூஜைக்கும் ஊதவும் சாதாரண இடம்புரியே வாங்குங்கள். ஊதுவதென்றால் முனை வெட்டிய இடம் உதட்டைக் கீறாமல் மழுங்க வேண்டும். கடையிலேயே ஊதிப் பாருங்கள். பூஜைச் சங்கில் புழு அரித்த ஓட்டைகளை மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள். தண்ணீர் நிரப்பி, செய்தித்தாளின் மேல் அரைமணி நேரம் வைத்துப் பார்த்து, தாள் நனையாததை எடுங்கள்.