அமிட்ரிப்டிலினும் வறண்ட வாயும்: எனக்கு எது உதவியது

ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமலிருக்க, தினமும் இரவில் அமிட்ரிப்டிலின் சாப்பிடத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. 10 மில்லிகிராமில் ஆரம்பித்தது, இப்போது 25. தலைவலி நன்றாகவே குறைந்திருக்கிறது. தொந்தரவு வாயில்தான். உமிழ்நீரைச் சுரக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலினை இந்த மருந்து தடுத்துவிடுகிறது. அதனால் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் எச்சில் ஊறுவதில்லை.

போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். பகலில் ஓரளவு சரியானது, இரவில் இல்லை. தூங்கும்போது எல்லோருக்குமே உமிழ்நீர் குறையும். மாத்திரையும் சேர்ந்தால் விடியற்காலையில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கிடக்கும். சொம்புத் தண்ணீரையும் குடித்தால் பாத்ரூமுக்கு எழுந்து போவதுதான் மிச்சம், வாயில் ஈரம் தங்காது.

தங்க வைத்தது செயற்கை உமிழ்நீர். கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கலந்த வழவழப்பான திரவம், மருந்துக்கடையில் கிடைக்கிறது. படுக்கும் முன் ஈறிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் படும்படி வைத்துக்கொண்டால் பாதி ராத்திரியாவது நிம்மதி. விலைதான் கொஞ்சம் கடிக்கும். தீர்ந்துபோன நாட்களில் நல்லெண்ணெய் கொப்பளித்துத் துப்பினேன்; வழவழப்பு இருந்தது, ஆனால் சீக்கிரம் போய்விட்டது.

பகலுக்கு, சர்க்கரைக்குப் பதிலாக சைலிட்டால் என்ற இனிப்பு சேர்த்த சூயிங்கம். மெல்ல மெல்ல எச்சில் ஊறும், பல்லுக்கும் கெடுதல் இல்லை. (வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், சைலிட்டால் அதற்கு விஷம்.) எலுமிச்சை மிட்டாயும் எச்சிலை வரவழைக்கும். ஆனால் புளிப்பும் சர்க்கரையும் சேர்ந்து பல்லை அரிக்கும் என்பதால் விட்டுவிட்டேன். சாப்பாட்டில் ரசமோ மோரோ தாராளமாக வேண்டும். முறுக்கை டீயில் நனைத்துத்தான் தின்கிறேன், வீட்டில் சிரிக்கட்டும்.

பலரும் கவனிக்காதது பல். உமிழ்நீர்தான் வாயிலுள்ள அமிலத்தைத் தணிக்கிறது; அது இல்லாமல் எனக்கு ஈறோரத்தில் சொத்தை விழுந்தது. பல் மருத்துவர் சொத்தையைத் தடுக்கும் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசிவிட்டு, பேஸ்ட்டையும் மாற்றச் சொன்னார். நான் தேய்த்துவந்த மூலிகைப் பேஸ்ட்டில் ஃப்ளோரைடே இல்லை. வாங்கும்போது அட்டைப்பெட்டியைப் படித்துப் பாருங்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டவே வேண்டாம், வறட்சி கூடும்.

சளிக்கு செட்டிரிசின் மாத்திரை போடும் நாட்களில் நிலைமை இன்னும் மோசம், அதுவும் வாயை உலர்த்தும். இப்போதெல்லாம் எந்த மருத்துவரிடம் போனாலும் அமிட்ரிப்டிலின் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவைக் குறைக்கலாமா என்று கேட்டதற்கு, என் மருத்துவர் மறுபடி 10-க்கு இறக்கிப் பார்த்தார். வாய் கொஞ்சம் தேறியது, தலைவலி திரும்பிவிட்டது. 25-லேயே தொடர்கிறேன்.