பயோமெடிக்கல் பேசிக்ஸ் ரிவிஷன் ஆப்: 6 வாரம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

ஃபர்ஸ்ட் இயர் பயோமெடிக்கல் சயின்ஸ் பேப்பருக்கு ரிவைஸ் பண்ண ஒரு ஃப்ளாஷ்கார்டு ஆப்புக்கு சப்ஸ்கிரைப் பண்ணேன். பேரு வேணாம். செல் பயாலஜி, மெட்டபாலிசம், ஃபிசியாலஜி, இம்யூனாலஜி, கொஞ்சம் ஸ்டாட்ஸ், எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கு மேல கார்டு, கூடவே ஒரு கொஸ்டின் பேங்க். 5க்கு 3 ஸ்டார் குடுக்கறேன், அதுல ரெண்டு ஸ்டார் ஒரே ஒரு சாப்டருக்கு.

அது மெம்ப்ரேன் பொட்டன்ஷியல், அதாவது செல்லோட உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இருக்கற வோல்டேஜ் வித்தியாசம். ரொம்ப நாளா நான் நெனச்சிட்டிருந்தது என்னன்னா, சோடியம் பொட்டாசியம் பம்ப் 3 சோடியத்தை வெளிய தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ள இழுக்குது, ஒரு பாசிட்டிவ் எக்ஸ்ட்ராவா வெளிய போயிடுது, அதனாலதான் நியூரானுக்குள்ள மைனஸ் 70 மில்லிவோல்ட்னு. அப்படி இல்லயாம்! பம்ப் நேரடியா குடுக்கறது சில மில்லிவோல்ட்தான். அதோட அசல் வேலை பொட்டாசியத்தை உள்ள குவிச்சு வைக்கிறது, அந்த பொட்டாசியம் லீக் சேனல்ங்கற எப்பவும் தொறந்திருக்கற ஓட்டை வழியா கசிஞ்சு வெளிய போகப் போக உள்பக்கம் நெகட்டிவ் ஆகுது, ஒரு கட்டத்துல அந்த நெகட்டிவே பொட்டாசியத்தை போகவிடாம பிடிச்சு இழுக்குது. பொட்டாசியம் மட்டும் இருந்தா மைனஸ் 90 பக்கம் போய் நிக்கும், சோடியமும் கொஞ்சம் உள்ள கசியறதால 70ல நிக்குது. ஆப்புல இதுக்கு ஒரு ஸ்லைடர் இருக்கு, வெளிய இருக்கற பொட்டாசியத்தை நாமளே ஏத்தி இறக்கி பாக்கலாம். ஏத்துனா மைனஸ் குறைஞ்சு பூஜ்யம் பக்கமா வருது. ரத்தத்துல பொட்டாசியம் ஏறுனா ஹார்ட்டுக்கு ஏன் ஆபத்துன்னு யாரும் சொல்லாமலே புரிஞ்சது.

இதே மாதிரி மத்த சாப்டரும் இருந்திருந்தா இந்த ரிவ்யூவே ரெண்டு வரில முடிஞ்சிருக்கும்.

மத்ததெல்லாம் வெறும் கேள்வி ஒரு பக்கம், பதில் மறுபக்கம். ஹோமியோஸ்டாசிஸ்னா என்ன, நெகட்டிவ் ஃபீட்பேக்னா என்ன, ரத்தத்தோட நார்மல் பிஹெச் எவ்ளோ. மூணாவது வாரத்துலயே ஆப் எனக்கு 95 பர்சன்ட் காட்டுச்சு, நானும் தலைகால் புரியாம சுத்துனேன். அப்புறம் ஒரு மாக் டெஸ்ட்ல, பதட்டத்துல வேகவேகமா மூச்சு விடறவங்களுக்கு விரல் ஏன் மரத்துப்போற மாதிரி இருக்குன்னு ஒரு கேள்வி. முழிச்சேன். பிஹெச் 7.35ல இருந்து 7.45ன்னு ஒரு கார்டுல படிச்சிருக்கேன், கார்பன் டை ஆக்சைடு தண்ணில கரைஞ்சா ஆசிட் ஆகும்னு இன்னொரு கார்டு, ரத்தத்துல கால்சியத்துல ஒரு பகுதி ஆல்புமின்ங்கற புரதத்துல ஒட்டிட்டு இருக்கும்னு வேற எங்கயோ ஒண்ணு. ஆனா வேகமா மூச்சு விட்டா கார்பன் டை ஆக்சைடு குறையும், பிஹெச் ஏறும், பிஹெச் ஏறுனா ஆல்புமின் இன்னும் நெறைய கால்சியத்தை பிடிச்சுக்கும், ஃப்ரீ கால்சியம் குறைஞ்சதும் நரம்பு சும்மா சும்மா ஃபயர் ஆகும்னு கோர்க்க எனக்கு வரல. பூவெல்லாம் குடுத்துட்டாங்க, நார் குடுக்கல.

ஸ்டாட்ஸ் பகுதி சின்னதுதான், ஆனா எதிர்பாக்காத அளவுக்கு நல்லா இருக்கு. 1000 பேர்ல 10 பேருக்கு வியாதி, டெஸ்ட்டோட சென்சிடிவிட்டியும் (வியாதி உள்ளவங்கள்ல எத்தனை பேருக்கு பாசிட்டிவ் காட்டும்) ஸ்பெசிஃபிசிட்டியும் (இல்லாதவங்கள்ல எத்தனை பேருக்கு நெகட்டிவ் காட்டும்) ரெண்டுமே 90 பர்சன்ட், பாசிட்டிவ் வந்தவருக்கு நிஜமாவே வியாதி இருக்க சான்ஸ் எவ்ளோன்னு கேட்டான். நான் பட்டுனு 90ன்னு அமுக்குனேன். பாசிட்டிவ் வர்றதுல வியாதி உள்ளவங்க 9 பேர், இல்லாதவங்க 99 பேர், ஆக 108 பாசிட்டிவ்ல 9 தான் உண்மை, 10 பர்சன்ட்கூட தேறல!

இம்யூனாலஜி பத்தி பேசவே வேணாம், இன்டர்லூகின்னு சொல்ற சிக்னல் புரதங்களை நம்பரா அடுக்கி வச்சிருக்காங்க, அவ்ளோதான்.

இன்னொரு கடுப்பு, மறக்கற நேரம் பாத்து கார்டை திரும்ப காட்டற ஷெட்யூல். ஐடியா நல்லதுதான், ஆனா காய்ச்சல்னு நாலு நாள் ஆப்பை தொறக்கல, அஞ்சாவது நாள் 430 கார்டு பாக்கின்னு வந்து நிக்குது, ஒரு நாளைக்கு இவ்ளோ போதும்னு லிமிட் வைக்க வழியே இல்ல.

கடைசியா ஏடிபி விஷயம், அதாவது செல் எனர்ஜிக்கு செலவு பண்ற மூலக்கூறு. ஒரு குளுக்கோஸுக்கு மொத்தம் எத்தனை ஏடிபின்னா கார்டுல 38, அதே ஆப்போட கொஸ்டின் பேங்க்ல 30 முதல் 32, அங்க 38ன்னு போட்டா தப்புன்னு சிவப்பு காட்டுது. குளுக்கோஸ்ல இருந்து எலக்ட்ரானை தூக்கிட்டுப் போற என்ஏடிஹெச் ஒண்ணுக்கு 3ன்னு முழு எண்ணா போட்ட பழைய கணக்கு 38, இப்ப 2.5ன்னு போடறாங்க, அதே வேலை பாக்கற எஃப்ஏடிஹெச்2க்கும் 2க்கு பதிலா 1.5, அதனால 10 என்ஏடிஹெச்சுக்கு 25, 2 எஃப்ஏடிஹெச்2க்கு 3, நேரடியா கிடைக்கற 4, ஆக 32. கிளைகாலிசிஸ்ல, அதாவது குளுக்கோஸ் உடையற முதல் கட்டத்துல, வந்த என்ஏடிஹெச்சோட எலக்ட்ரான் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள எந்த ஷட்டில்ல (கடத்துற வழில) போகுதுங்கறத பொறுத்து 30 ஆகவும் இறங்கலாம். இத கணக்கோட எழுதி சப்போர்ட்டுக்கு அனுப்புனேன், ரெண்டே நாள்ல நன்றி சொல்லி திருத்திட்டோம்னு பதில் வந்துச்சு. நேத்து தொறந்து பாத்தேன், கார்டுல ஃபான்ட் மாறியிருக்கு, 38 அப்படியே இருக்கு.