இம்பாக்ட் கன்: ஆறாயிரமா, முப்பதாயிரமா?

போன ஆடி மாதம் தக்காளி ஏற்றிய ஒரு பிக்கப் வண்டி, பின்சக்கரம் பஞ்சராகி எங்கள் கடைக்கு வந்தது. கரூர் பைபாஸை ஒட்டிய சின்ன டயர் கடை எங்களுடையது. கடைசி நட்டில் இம்பாக்ட் கன்னை, அதாவது நட்டைச் சுத்தியல் மாதிரி அடித்து அடித்துக் கழற்றி மாட்டும் பேட்டரிக் கருவியை, வைத்து அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம். முனையில், நட்டைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டும் அரை இஞ்ச் சதுரம் முறிந்து சாக்கெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. அந்த ஒரு நட்டைக் கழற்ற வீல் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி இரண்டு பேர் தொங்க வேண்டியதாயிற்று. டிரைவர் சந்தைக்குப் போய்ச் சேரும்போது ஏலம் பாதி முடிந்திருக்கும்.

சாயங்காலம் அந்த முறிந்த துண்டை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். உடைந்த முகம் கற்கண்டைப் பிளந்தது போல மணி மணியாக மின்னியது. பதமாகச் சூடேற்றி ஆறவைத்த இரும்பு இப்படி உடையாது. அந்த கன்னுக்கு நான் கொடுத்தது 5,800 ரூபாய், ஓடியது ஏழு மாதம். அதற்குப் பிறகு ஒரு நடுத்தர விலை கன்னும், மகிட்டா என்ற பெரிய பிராண்டின் கன் ஒன்றும் கடைக்கு வந்தன. மூன்றையும் கையில் பிடித்து வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கடையிலும் ஆன்லைனிலும் கிடைப்பவை மூன்று ரகம். முதல் ரகம், பெட்டியில் 48, 88, 128 என்று பெரிய எண் போட்டு வரும் விலாசம் தெரியாத கன். இரண்டாவது, இங்கோ, டோட்டல் மாதிரி விலை குறைந்த, ஆனால் டீலரும் உதிரி பாகமும் உள்ள பிராண்டுகள். மூன்றாவது, மகிட்டா, போஷ், டிவால்ட், மில்வாக்கி. பலரும் முதல் ரகத்தையும் மூன்றாவதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் குழம்புகிறார்கள். நிஜமான போட்டி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும்தான். முதல் ரகத்தை ஏன் தள்ளி வைக்கிறேன் என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த 48, 88 என்ற எண்களுக்கு வோல்டேஜோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது. இந்த வகை பேட்டரி எல்லாவற்றிலும் லித்தியம் செல்கள் ஐந்து ஐந்தாக வரிசையில் கோர்த்திருக்கும். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழு சார்ஜில் செல் 4.2 வரை ஏறும், அப்போது 21. அதனால்தான் ஒருவர் 18 என்கிறார், இன்னொருவர் 21 என்கிறார். டிவால்ட் அமெரிக்காவில் 20 என்று விற்பதும் ஐரோப்பாவில் 18 என்று விற்பதும் ஒரே பேட்டரிதான். 88 என்று போட்டிருக்கும் பெட்டியைத் திறந்தாலும் உள்ளே இருப்பது அதே ஐந்து செல் வரிசை. முதல் எண்ணிலேயே பொய் சொல்லும் பெட்டியில் டார்க் எண்ணை, அதாவது நட்டைத் திருகும் பலத்தை நியூட்டன் மீட்டரில் சொல்லும் எண்ணை, மட்டும் எப்படி நம்புவது?

டார்க் விஷயத்தில் நல்ல கம்பெனிகளும் இரண்டு எண் சொல்வார்கள். ஒன்று இறுக்கும் டார்க். இன்னொன்று, இறுகிக் கிடக்கும் நட்டை உடைத்துக் கழற்றும் டார்க். இரண்டாவது எப்போதும் பெரிசாக இருக்கும். மகிட்டா டிடிடபிள்யூ 300-க்கு 330, 580 நியூட்டன் மீட்டர். போஷ் ஜிடிஎஸ் 18வி-400-க்கு 400, 600. பெரிய கன்னான மகிட்டா டிடிடபிள்யூ 1002-க்கு 1,000, 1,600. விலை குறைந்த பெட்டியில் ஒரே ஒரு எண் இருந்தால் அது எந்த டார்க் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கழற்றும் டார்க் என்றே வைத்துக்கொண்டு, மற்ற கன்னின் பெரிய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

சரி, நமக்கு எவ்வளவு வேண்டும்? ஸ்விஃப்ட் போன்ற சின்னக் கார்களின் வீல் நட்டை இறுக்க வேண்டியது 85 முதல் 100 நியூட்டன் மீட்டர்தான். துருப்பிடித்து, யாரோ ஏறி மிதித்து இறுக்கியிருந்தால் கழற்ற அதைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். நிஜமாகவே 300 தரும் கன் ஒன்று காருக்கும் சின்ன சரக்கு வண்டிக்கும் தாராளம். லாரி சக்கரம் வேறு கதை. அங்கே இறுக்குவதே 500-க்கு மேல் போகும், அதற்குப் பெரிய கன்தான். எங்கள் கடைக்கு லாரி வராது. அதனால் 1,000 நியூட்டன் மீட்டரைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. அது பேட்டரியோடு சேர்த்து மூன்றரைக் கிலோ வரும். காலையிலிருந்து குனிந்து நிமிர்ந்து வேலை பார்க்கும் தம்பிக்குத் தோள்பட்டை போய்விடும்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கன் தரும் அடி முழுவதும் நட்டுக்குப் போவதில்லை. நடுவில் எக்ஸ்டென்ஷன் ராடு, அடாப்டர் என்று மாட்ட மாட்ட அடி குறையும். நீள ராடு மாட்டிவிட்டு "கன்னில் பவரே இல்லை" என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். பேட்டரி பாதி இறங்கினாலும் அப்படித்தான்.

இனி பேட்டரி. இந்த விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி ஒளிந்திருப்பது இங்கேதான். கன் என்று நினைத்து நாம் வாங்குவதில் பாதிக்குப் பாதி பணம் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் போகிறது.

என் பழைய கன்னோடு வந்த பேட்டரியில் 6 ஆம்பியர் அவர் என்று எழுதியிருந்தது, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் எண் அது. பக்கத்து மளிகைக்கடைத் தராசில் அதை வைத்துப் பார்த்தேன், 360 கிராம். 18650 என்ற வகைச் செல் ஒன்று 45 கிராமுக்கு மேல் இருக்கும். பத்துச் செல் இருந்தால் செல் மட்டுமே 450 கிராம், கூடும் போர்டும் தனி. அப்படியென்றால் உள்ளே ஐந்து செல்தான் இருக்க முடியும். திறந்து பார்த்தோம், ஐந்தே ஐந்து. அந்த அளவில் எவ்வளவு நல்ல செல் போட்டாலும் 3 அல்லது 3.5 ஆம்பியர் அவரைத் தாண்டாது. மகிட்டாவின் 5 ஆம்பியர் அவர் பேட்டரி 600 கிராமுக்கு மேல் நிற்கிறது, பத்துச் செல் இருப்பது எடையிலேயே தெரிகிறது. கடைக்குப் போகும்போது எடை பார்க்கக் கூச்சப்பட வேண்டாம். தங்கத்தை எடை போடாமலா வாங்குகிறோம்?

தராசு இல்லையென்றால் சார்ஜரின் பின்பக்கத்தைப் படியுங்கள். 21 வோல்ட், 1 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். ஒரு மணி நேரத்தில் அது உள்ளே தள்ளக்கூடியது அதிகபட்சம் 1 ஆம்பியர் அவர். காலியான பேட்டரி இரண்டு மணி நேரத்தில் பச்சை விளக்குக்கு வந்துவிட்டால் அதன் கொள்ளளவு 2-க்கு மேல் இல்லை, மேலே 6 என்று போட்டிருந்தாலும் சரி.

செல் எண்ணிக்கை ஓடும் நேரத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை, அடியின் பலத்தையும் தீர்மானிக்கிறது. இறுகிய நட்டில் கன் சுத்தியலாக அடிக்கும்போது மோட்டார் ஒரே மூச்சில் நிறைய கரண்டை இழுக்கும். ஐந்து செல் மட்டும் இருந்தால் வோல்டேஜ் படுத்துவிடும், அடி மெத்தென்று விழும். இரண்டு வரிசையாகப் பத்துச் செல் இருந்தால் பாரம் பகிர்ந்துகொள்ளும். ஒரே மகிட்டா கன்னில் 2 ஆம்பியர் அவர் பேட்டரியையும் 5 ஆம்பியர் அவர் பேட்டரியையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும்.

அப்புறம் நம் ஊர் வெயில். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கடியில் வேலை பார்த்துவிட்டு, கொதிக்கிற பேட்டரியை அப்படியே சார்ஜரில் செருகுகிறோம். லித்தியம் செல்லைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மகிட்டாவின் வேக சார்ஜரில் ஒரு விசிறி இருக்கிறது, பேட்டரிக்குள் காற்றை ஊதுகிறது, சூடு இறங்கிய பிறகுதான் சார்ஜ் ஏற ஆரம்பிக்கும். ஊசி மாதிரி பின் உள்ள சாதாரண அடாப்டரோடு வரும் மலிவு கன்களில் அந்தக் காவலே கிடையாது. என் பழைய பேட்டரி ஐந்து மாதத்தில் செத்துப் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நடுத்தர பிராண்டின் சார்ஜரில் விசிறி இல்லை, ஆனால் சூடான பேட்டரியை வைத்தால் விளக்கு சிமிட்டிக் காத்திருக்கிறது. அது போதும்.

உதிரி பாகத்துக்கு வருவோம். மகிட்டா, போஷ் இரண்டும் ஒவ்வொரு மாடலுக்கும் பாகம் பாகமாகப் பிரித்த படமும் பார்ட் நம்பரும் வெளியிடுகின்றன. சுவிட்ச் போனால் சுவிட்ச், முனை போனால் முனை என்று நம்பர் சொல்லி வாங்கலாம். இங்கோ, டோட்டல் ரகத்தில் கார்பன், சுவிட்ச், முனை மாதிரி அடிக்கடி போகிறவை டீலரிடம் கிடைக்கின்றன. கார்பன் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாரை ஓட்டும் எலக்ட்ரானிக் போர்டு போனால் காத்திருக்க வேண்டிவரும். பெயர் தெரியாத கன்னில் எது போனாலும் குப்பைத்தொட்டிதான். என்னுடையதை விற்ற கடைக்காரர் "இதுக்கு ஸ்பேர் வராதுங்க, புதுசு எடுத்துக்குங்க" என்றார். ஏழு மாதத்தில் இரண்டாவது தடவை பணம் கேட்கும் பொருளை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரிய பிராண்டிலும் குறை உண்டு. விலை முதல் குறை. கன், 5 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு, சார்ஜர் சேர்த்து எனக்கு 30,000-ஐ ஒட்டி ஆனது. நடுத்தரம் 11,000-க்கு முடிந்தது. இரண்டாவது குறை, போலி. மகிட்டாவின் நீலப்பச்சை நிறத்தில், அதே எழுத்தில், பாதி விலையில் நிறைய சுற்றுகின்றன, பேட்டரியில் அதைவிட அதிகம். அங்கீகரித்த டீலரிடம் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் பாதி விலைக்கு வரும் மகிட்டா என்பது 88 வோல்ட் பெட்டியின் உடன்பிறப்பு.

நடுவில் ஒரு குறுக்கு வழியும் பேசப்படுகிறது. மகிட்டா பேட்டரி பொருந்தும்படி செய்த மலிவு கன்னை வாங்கி, ஒரிஜினல் பேட்டரி மட்டும் மாட்டிக்கொள்வது. கேட்க நல்ல யோசனைதான், ஆனால் ஒரு ஆபத்து இருக்கிறது. மகிட்டா பேட்டரி தீரும் நேரத்தில் தானாகக் கரண்டை வெட்டாது. "நிறுத்து" என்று கன்னுக்குச் சைகை கொடுக்கும், கன்தான் நிற்க வேண்டும். அந்தச் சைகையைக் கவனிக்காத மலிவு கன் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சிவிடும். அப்படி வற்றிப்போன பேட்டரியைப் பிறகு சார்ஜர் ஏற்க மறுக்கும். ஆயிரக்கணக்கில் போட்டு வாங்கிய பேட்டரி அநியாயமாகச் சாகும்.

என் சித்தப்பாவுக்கு டிராக்டரும், அதன் பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரும் உண்டு. ஆறடி ரோட்டவேட்டரில் நாற்பதுக்கு மேல் பிளேடு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு போல்ட். மண்ணும் துருவும் ஏறி மரை தெரியாமல் கிடக்கும். ஸ்பேனரால் கழற்றினால் ஒரு முழு நாள் போய்விடும், உள்ளங்கை கொப்புளித்துவிடும். ஆனால் அந்த வேலை வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான். அவர் மகிட்டா கேட்டபோது நான் நடுத்தரத்தையே எடுக்கச் சொன்னேன். காலையில் டீசலும் கம்பி பிரஷும் போட்டு ஊறவைத்து, ஒரு பேட்டரி ஓட இன்னொன்று ஏற என்று மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார். அவருக்கு முப்பதாயிரம் போடுவது வீண். பேட்டரியைத் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் போட்டுவிடாமல், பாதி சார்ஜில் வைத்தால் அது பல வருஷம் வரும்.

தினமும் பத்து வண்டி பார்க்கும் கடைக்கு என் பதில் வேறு. நாளுக்கு நாற்பது ஐம்பது நட்டு கழற்றி மாட்டும் இடத்தில் கன் ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலியும் போகும், வாடிக்கையாளரும் போவார். அங்கே பெரிய பிராண்டு, நடுத்தர அளவு கன், 5 ஆம்பியர் அவர் பேட்டரி இரண்டு. பணம் ஒரேயடியாக இல்லையென்றால் கன்னும் ஒரு பேட்டரியும் முதலில் எடுத்துவிட்டு, அடுத்த பேட்டரியைத் தீபாவளிக்கு எடுங்கள். அதே பேட்டரியில் பின்னால் கிரைண்டர், டிரில் எல்லாம் ஓடும்.

சொந்தக் காருக்கு ஸ்டெப்னி மாற்ற மட்டும் கன் வேண்டும் என்பவர்களுக்கு எதுவும் தேவையில்லை. நல்ல கிராஸ் ஸ்பேனர் ஒன்றை டிக்கியில் போட்டு வையுங்கள்.

எந்த கன் எடுத்தாலும் பளபளக்கும் குரோம் சாக்கெட்டை அதில் மாட்டாதீர்கள். அது கைக்கு ஏற்றது, அடி தாங்காது, சில்லாகத் தெறித்தால் கண் போகும். கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்தான். அதோடு, வைத்த அளவுக்கு நட்டு இறுகியதும் 'கிளிக்' கொடுக்கும் டார்க் ரெஞ்சு ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். எங்கள் கடையில் இப்போது நட்டைக் கையால் நாலு சுற்று ஏற்றி, மரை சரியாகப் பிடித்ததா என்று பார்த்த பிறகுதான் கன் தொடுகிறது, அதுவும் லேசாக. ஜாக்கியை இறக்கி, எதிரெதிர் நட்டாக டார்க் ரெஞ்சில் 'கிளிக்' கேட்கும் வரை இறுக்குகிறோம். புதிதாகச் சேர்ந்த தம்பி முதல் வாரம், "கன்னே இறுக்கிருச்சேண்ணே, மறுபடி எதுக்கு?" என்று கேட்டான். கன் இறுக்கிவிட்ட ஒரு நட்டில் ரெஞ்சை அவன் கையிலேயே கொடுத்தேன். கால் சுற்று போன பிறகுதான் கிளிக் வந்தது. அடுத்த நட்டு ரெஞ்சு அசைவதற்கு முன்பே கிளிக் அடித்தது. ஒரே சக்கரத்தில் ஒன்று குறைவு, ஒன்று அதிகம். அப்புறம் அவன் கேட்கவில்லை.