ஏஏ செல்லா, 18650-ஆ? கம்பமெட்டு இருட்டில் இரண்டு பாக்கெட் டார்ச்

கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப் ஏறி கம்பமெட்டு வழியாகக் கேரளப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவன் நான். தென்மேற்குப் பருவ மழையில் இரண்டு டார்ச்சையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். ஒன்று சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் ஒற்றை ஏஏ செல்லில் எரிவது. மற்றது 18650 லித்தியம் செல், அதாவது 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளம், யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும்.

வெளிச்சத்தில் போட்டியே இல்லை, 18650-தான். ஆனால் மூடுபனியில் அதை முழுசாக அடித்தால் ஒளி பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது, அப்புறம் சில நிமிடத்தில் உடம்பு சூடாகித் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறது, டர்போ என்கிற அந்த உச்ச வெளிச்சமெல்லாம் கூட்டாளிகளிடம் காட்டிப் பெருமைப்படத்தான். காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஏஏ-யின் மங்கல் வெளிச்சமே போதும். சட்டைப் பையும் தொங்காது.

ஏஏ தீர்ந்தால் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும். ஆனால் அல்கலைன் செல்லை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கசியும், என் பழைய டார்ச் அப்படித்தான் போனது, ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொடி. சார்ஜ் ஏற்றும் நிக்கல் செல் போட்டால் அந்தத் தொல்லை குறைவு. தினமும் சார்ஜில் போட மறக்காத ஆள் என்றால் சரி, 18650 வாங்குங்கள். நான் மறப்பேன்.