பெல்லட் அடுப்புக்கு 310 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தட்டு: ஆவாரம்பாளையம் பட்டறையில் செய்தது

கோவை பீளமேட்டில் மெஸ் நடத்துகிறேன். சோறு, சாம்பார் எல்லாம் பெல்லட் (விவசாயக் கழிவை அழுத்திச் செய்யும் சிறு எரிகட்டி) அடுப்பில்தான். அடுப்போடு வந்த மைல்ட் ஸ்டீல் (சாதா இரும்பு) சல்லடைத் தட்டு நடுவில் குழிந்து, செதில் செதிலாக உதிர்ந்து, பக்கத்துப் பக்கத்து ஓட்டைகள் ஒன்றாகிவிட்டன. எரியாத பெல்லட் அப்படியே சாம்பலில் விழும். மாற்றுத் தட்டு செய்து தந்த ஆவாரம்பாளையத்துப் பட்டறையைப் பற்றி எழுதியே ஆக வேண்டும்.

போனதும் பட்டறைக்காரர் விலை பேசவில்லை. பழைய தட்டின் செதிலை நகத்தால் பெயர்த்துப் பார்த்துவிட்டு, என்ன பெல்லட் என்று கேட்டார். நிலக்கடலைத் தோல் கலந்தது என்றேன். "அந்தச் சாம்பல்தானுங்க அக்கா உருகிக் கட்டி பிடிக்குது. கட்டி அடைச்ச இடத்துல காத்து ஏறாது, தட்டு அங்கதான் வேகும்" என்றார்.

மைல்ட் ஸ்டீலை யோசிக்கவே வேண்டாம் என்றுவிட்டார். 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் (எஸ்.எஸ்.) கிட்டத்தட்ட 870 டிகிரி வரை தாங்கும். ஆனால் மெஸ் அடுப்பு மூன்று வேளையும் பற்றி, ஆறி, மறுபடி பற்றுகிறது. ஒவ்வொரு முறை ஆறும்போதும் உலோகத்தைக் காக்கும் மேல் படலம் விரிசல் விட்டு உதிரும். 310 ரகத்தில் குரோமியம் 25, நிக்கல் 20 சதவீதம். ஆயிரம் டிகிரியிலும் படலம் பிடித்து நிற்கும். விலை 304-ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னார். சரி என்றேன். வார்ப்பிரும்பும் நல்லதுதான், ஆனால் சூட்டில் குழம்பு பொங்கி வழிந்தால் விரிசல் விடும். கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசிய) தகடு அடுப்புக்குள் வரவே கூடாது, துத்தநாகப் புகை ஆளைப் படுத்திவிடும்.

எனக்கு நம்பிக்கை வந்தது சான்றிதழைப் பார்த்துத்தான். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்று பலரும் சொல்வார்கள். மலிவான 202 ரக எஸ்.எஸ்.ஸிலும் காந்தம் ஒட்டாது. இவர் பிளேட்டில் அச்சிட்டிருந்த ஹீட் நம்பரையும் (எந்த உருக்குத் தொகுதியில் வார்த்தது என்று காட்டும் எண்) ஆலைச் சான்றிதழில் இருந்ததையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

தட்டை அடுப்போடு வெல்டிங் செய்யவும் மறுத்துவிட்டார். இந்த வகை எஸ்.எஸ். மைல்ட் ஸ்டீலைவிட அதிகமாக நீளும். 30 செ.மீ. தட்டு 600 டிகிரி சூடேறினால் 3 மி.மீ. வரை நீளுமாம். அதனால் சுற்றிலும் இடைவெளி விட்டு, விளிம்பில் சும்மா உட்காரும்படி செய்தார். பழையது நடுவில் குழிந்ததற்கு நாலு மூலையிலும் அடித்திருந்த வெல்டிங்கும் ஒரு காரணம் என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது சாம்பல் கட்டியைத் தட்ட வேண்டுமென்றால், ஆறியபின் தட்டையே வெளியே தூக்கிவிடலாம்.

குறை என்றால், சொன்ன தேதிக்குக் கிடைக்கவில்லை. 310-இல் ஓட்டை போடுவது மெதுவான வேலைதான், ஆனாலும் ஒரு போன் செய்திருக்கலாம். ஓட்டைகளின் பிசிறையும் நான் கேட்டபிறகே தேய்த்தார்.

தட்டு கறுத்திருக்கிறது, வளையவில்லை. போகிறவர்கள் பழைய தட்டோடு ஒரு சாம்பல் கட்டியையும் எடுத்துப் போங்கள். போனில் அளவு மட்டும் சொன்னால் அவர் வேலையை எடுப்பதில்லை.