ஹாப்சான்: பம்ப் டெஸ்ட் ரிக்குக்குத் துணையாக ஒரு இலவச மென்பொருள்

ஹைட்ராலிக் பம்ப்களைப் பழுதுபார்த்து, ரிக்கில் (சோதனை மேடையில்) ஏற்றிச் சோதித்துக் கொடுப்பது எங்கள் தொழில். சிமுலேஷனுக்கு வருடா வருடம் லைசென்ஸ் கட்டுகிற அளவு வியாபாரம் கிடையாது. ஹைட்ராலிக் அமைப்புகளைக் கணினியில் மாடலாக ஓட்டிப் பார்க்கும் ஹாப்சான் இலவசம், திறந்த மூலம். ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 1977-ல் தொடங்கி, பிறகு சி++-ல் புதிதாக எழுதப்பட்டது. சில வருடங்களாக விடாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக வருபவர்கள் முட்டிக்கொள்வது ஒரே இடத்தில்தான். இரண்டு ஆரிஃபிஸை (ஓட்டத்தை நெரிக்கும் சிறு துளையை) நேரடியாக இணைக்க விடாது; நடுவில் ஒரு வால்யூமோ (ஆயில் நிற்கும் இடமோ) பைப்போ வைத்தே ஆக வேண்டும். அழுத்த அலை ஓரிடம் விட்டு ஓரிடம் போக நேரம் பிடிக்கும் என்பதை வைத்தே அதன் கணக்கு ஓடுகிறது. முதலில் எரிச்சல் வரும். ஆனால் நிஜ ரிக்கிலும் எந்த இரண்டு வால்வுக்கு நடுவிலும் கொஞ்சம் ஆயில் நிற்கத்தானே செய்கிறது?

எனக்கு அதிகம் உதவுவது கசிவுக் கணக்கு. ஒரு சுற்றுக்கு 45 சிசி தள்ளும் பிஸ்டன் பம்ப், 1450 ஆர்பிஎம். கணக்குப்படி நிமிடத்துக்கு 65.25 லிட்டர் வர வேண்டும். 200 பாரில் ஃப்ளோமீட்டர் 60 காட்டினால் கசிவு 5.25 லிட்டர், வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி (வர வேண்டியதில் உண்மையில் வருகிற பங்கு) 92 சதவீதம். இதிலிருந்து கசிவுக் கெழுவை (அழுத்தத்துக்கு ஏற்ப எவ்வளவு கசியும் என்ற எண்ணை) எடுத்து மாடலில் போட்டால் மற்ற அழுத்தங்களிலும் ரிக்கை ஒட்டியே வருகிறது. ஆனால் அந்தக் கெழு ஒரே எண். ஆயில் சூடாவது அதற்குத் தெரியாது. விஜி 46 என்ற தரத்து ஹைட்ராலிக் ஆயிலின் பாகுநிலை 40 டிகிரியில் 46 சென்டிஸ்டோக்; 60 டிகிரியில் பாதிக்கும் கீழே போய்விடும். கசிவு குறைந்தது இரண்டு மடங்கு, எஃபிஷியன்சி 84-க்குக் கீழே. "காலையில நல்லா இழுக்குது, மத்தியானம் பிரஸ் தூங்குது சார்" என்று வாடிக்கையாளர் சொல்வது இதைத்தான். இப்போதெல்லாம் ஒவ்வொரு பம்புக்கும் குளிர்ந்த ஆயிலில் ஒன்று, சூடான ஆயிலில் ஒன்று என இரண்டு கெழு எடுத்து வைக்கிறேன். வெப்பநிலை குறிக்காத டெஸ்ட் ரிப்போர்ட்டை நான் மதிப்பதில்லை. பம்ப் சோதனைக்கான ஐஎஸ்ஓ 4409 தரமும் ஆயில் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்கச் சொல்கிறது.

அடுத்தது அழுத்த எகிறல். பம்புக்குச் சுமை கொடுக்கும் லோடிங் வால்வை 20 மில்லிசெகண்டில் மூடினால் என்ன ஆகும்? லைனில் 2 லிட்டர் ஆயில், பல்க் மாடுலஸ் (ஆயில் அமுங்க மறுக்கும் விறைப்பு) 1 ஜிகாபாஸ்கல், ஓட்டம் நிமிடத்துக்கு 60 லிட்டர் என்று வைத்தால் அழுத்தம் செகண்டுக்கு 5000 பார் வேகத்தில் ஏறும். அதாவது, அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வ் திறப்பதற்குள் 100 பார் வரை கூடிவிடலாம். ரிக்கின் சென்சாரில் அழுத்தம் இதைவிட மெதுவாகத்தான் ஏறும்; ரப்பர் ஹோஸ் உப்புகிறது, ஆயிலில் காற்றும் இருக்கிறது. மாடலில் பல்க் மாடுலஸை 0.7 ஜிகாபாஸ்கலுக்கு இறக்கினால் மாடலின் கோடும் ரிக்கின் கோடும் ஒட்டிவருகின்றன. ஹோஸை மாற்றி ஸ்டீல் பைப் போடச் சொல்கிறவர்களுக்கு ஹோஸ் எகிறலைத் தணிப்பது தெரியும் இந்த கிராஃபைத்தான் காட்டுவேன்.

பம்பின் உட்புறத்தைப் பார்க்க ஆயத்த பம்ப் பிளாக் உதவாது. அது வழவழப்பான ஓட்டத்தைத்தான் தரும். நிஜத்தில் 9 பிஸ்டன் பம்ப் 1450 ஆர்பிஎம்மில் 217.5 ஹெர்ட்ஸ் அதிர்வைத் தரும்; மேனிஃபோல்டில் (ஆயில் வழிகள் சேரும் கட்டையில்) கை வைத்தாலே தெரியும். அது மாடலில் வர வேண்டுமானால் ஒவ்வொரு பிஸ்டனையும் ஆயிலை உள்ளே வெளியே விடும் வால்வ் பிளேட்டின் திறப்பையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். பழுதுபார்க்கிற கடைக்கு அந்த உழைப்பு தேவையில்லை. பம்ப் வடிவமைப்பவர்கள் வேறு கருவி தேடுவது நல்லது.